ஆஃப்-ரோடு பேக்கேஜ்: எதற்குக் காசு கொடுக்கிறோம்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஃபோர் வீல் டிரைவ் வேறு, ஆஃப்-ரோடு பேக்கேஜ் வேறு. அமெரிக்காவில் முதன்முதலாகப் பிக்கப் டிரக் வாங்கப் போகும் பலர் இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டுதான் டீலரிடம் போகிறார்கள். விற்பனையாளரும் அதைத் திருத்த அவசரப்படுவதில்லை. என்ஜினின் சக்தி பின் சக்கரங்களுக்கு மட்டும் போகிறதா, நான்குக்கும் போகிறதா என்பது முதல் கேள்வி. பனி விழும் மாநிலத்தில் குடியிருப்பவருக்கும், பாசி பிடித்த சரிவில் படகை இறக்கி ஏற்றுபவருக்கும் அந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும். அதற்கு மேல் வண்டியின் அடிவயிற்றுக்கு இரும்புத் தகடு, கரடுமுரடு தாங்கும் ஷாக் அப்சார்பர், முரட்டுப் பல் உள்ள டயர், பின் அச்சில் லாக்கர் என்று சிலவற்றைச் சேர்த்துக் கட்டி, அதற்கொரு பெயரும் வைத்து விற்பதுதான் ஆஃப்-ரோடு பேக்கேஜ்.

ஃபோர்டு அதை எஃப்எக்ஸ்4 என்கிறது, செவ்ரலே இசட்71 என்கிறது. டொயோட்டாவில் டிஆர்டி ஆஃப்-ரோடு, நிசானில் ப்ரோ-4எக்ஸ், ராமில் ஆஃப்-ரோடு குரூப். இசட்71 என்பது 1988-இல் செவ்ரலே பிக்கப்பின் ஆர்டர் படிவத்தில் வந்த ஒரு குறியீட்டு எண். இன்று அது வண்டியின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு திரியும் அந்தஸ்தாகிவிட்டது.

பெயரை மட்டும் நம்பி வாங்கக் கூடாது என்பதற்கு டொயோட்டா டகோமாவே சாட்சி. 2023 வரை விற்ற மூன்றாம் தலைமுறை டகோமாவில் டிஆர்டி ஆஃப்-ரோடு டிரிம்மையே டூ வீல் டிரைவாகவும் வாங்க முடிந்தது. லாக்கர் உண்டு, பில்ஸ்டீன் ஷாக் உண்டு, முன் சக்கரங்களுக்குச் சக்தி மட்டும் போகாது. நிசான் ஃப்ரான்டியரில் ப்ரோ-4எக்ஸுக்குப் பக்கத்திலேயே ப்ரோ-எக்ஸ் நிற்கும். அதே முரட்டு முகம்தான், ஆனால் பின் சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். பனியே பார்க்காத ஊரில் இருப்பவருக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. தெரிந்து வாங்கினால் சரி.

இதற்கு நேர்மாறாக, பேக்கேஜ் ஏதுமில்லாத சாதாரண 4×4 டிரக்கே போதுமான இடங்கள் ஏராளம். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை ராக்கி மலையைக் கடக்கிறது. அதில் டாட்செரோவுக்கும் மாரிசனுக்கும் இடைப்பட்ட பகுதியில் செப்டம்பர் முதல் மே முடிய ‘ட்ராக்‌ஷன் லா’ நடப்பில் இருக்கும். ஃபோர் வீல் டிரைவ் வண்டியிடம் அந்தச் சட்டம் கேட்பது டயரில் 3/16 அங்குலம் பள்ளம் மிச்சமிருக்க வேண்டும் என்பதைத்தான். லாக்கர் இருக்கிறதா, தகடு இருக்கிறதா என்று போலீஸ்காரர் குனிந்து பார்ப்பதில்லை. ஸ்கீ விளையாடப் போவதற்காகவே இசட்71 வேண்டும் என்று யாராவது சொன்னால், அந்தப் பணத்தில் பாதியை நல்ல குளிர்கால டயருக்குக் கொடுங்கள் என்பேன்.

கட்டுக்குள் என்ன இருக்கிறது

பேக்கேஜில் நான் உயர்வாக மதிப்பது லாக்கரை. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடியாக வேண்டும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுப்பது அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல். தார்ச்சாலையில் இந்த ஏற்பாடு அருமையாக வேலை செய்யும். சேற்றில் அதுவே காலை வாரிவிடும். ஒரு பின் சக்கரம் வழுவழுப்பில் மாட்டிக்கொண்டால், அந்தச் சக்கரத்தைச் சுழற்ற எவ்வளவு குறைந்த விசை போதுமோ அதே அளவுதான் மறு சக்கரத்துக்கும் கிடைக்கும். சேற்றில் இருப்பது சர்ரென்று சுற்றும், கெட்டித் தரையில் இருப்பது அசையாமல் நிற்கும். லாக்கர் பித்தானை அழுத்தினால் அச்சின் இரு பாதிகளும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் ஒன்று சுற்றினால் மற்றதும் சுற்றியே ஆக வேண்டும். பிடிமானம் இருக்கும் சக்கரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

இன்றைய சாதாரண டிரக்குகளிலும் ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. சும்மா சுற்றும் சக்கரத்தை பிரேக் பிடித்து நிறுத்தி, சக்தியை மறுபக்கம் தள்ளும். ஈரப் புல்வெளிக்கும் முகாம் மைதானத்துச் சேற்றுக்கும் அது தாராளம். பாறை மேட்டில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதுதான் அது திணறும். பிரேக் சூடாகும், வண்டி உதறும், ஓட்டுநர் பதற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்துவார். லாக்கருக்கு அந்த வேலையெல்லாம் இல்லை.

செவ்ரலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் பெரும்பாலான டிரக்குகளில் லாக்கருக்குப் பித்தான் கிடையாது. ஜி80 என்ற அவர்களுடைய டிஃபரன்ஷியல், இடது வலது சக்கரங்களின் சுழற்சி நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சுற்று வேறுபட்டதும் ‘டக்’ என்ற சத்தத்தோடு தானே பூட்டிக்கொள்ளும். புதிதாக வாங்கியவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு எதுவோ உடைந்துவிட்டது என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடுவதுண்டு. முக்கியமான செய்தி இதுதான்: ஜி80-ஐ இசட்71 இல்லாத பல செவ்ரலே சில்வராடோக்களிலும் வாங்கலாம். ஃபோர்டு எஃப்-150-லும் பல ஆண்டுகளாக எஃப்எக்ஸ்4 இல்லாமல் எலக்ட்ரானிக் லாக்கர் அச்சை மட்டும் தனியாக ஆர்டர் செய்ய வழி இருந்து வந்திருக்கிறது. கட்டின் சாரத்தைக் கட்டில்லாமலே வாங்க முடியும் என்றால், ஆர்டர் ஷீட்டைப் பொறுமையாகப் படிப்பவருக்கு லாபம்.

அடுத்தது ஷாக். அலை அலையாக மடிப்பு விழுந்த மண்சாலையில் மணிக்கணக்கில் ஓட்டினால்தான் இதன் அருமை தெரியும். கலிஃபோர்னியாவின் டெத் வேலியில் யூபிஹிபி எரிமலைப் பள்ளத்திலிருந்து ரேஸ்ட்ராக் பிளாயா வரை 26 மைல் அப்படிப்பட்ட சாலை. ஷாக்குக்குள் இருக்கும் எண்ணெய் விநாடிக்குப் பலமுறை அப்படியும் இப்படியும் தள்ளப்பட்டுச் சூடேறும். சாதாரண ஷாக்கில் எண்ணெயோடு காற்று கலந்து நுரைத்து, அடக்கும் திறனே குறைந்துபோகும். பிறகு வண்டி தரையில் ஓடுவதைவிடக் குதிப்பது அதிகம். பில்ஸ்டீன் போன்ற ஒற்றைக்குழாய் ஷாக்குகளில் நைட்ரஜன் வாயுவை அழுத்தத்தில் தனியே அடைத்துவைத்திருப்பதால் நுரைப்பது குறைவு, வெப்பமும் சீக்கிரம் வெளியேறும். ஆனால் அதே சாலையில் பெரும்பாலோரை நிறுத்திவிடுவது ஷாக் அன்று. கூரான கற்கள் டயரைக் கிழித்துவிடும். தேசியப் பூங்கா நிர்வாகமே உறுதியான டயரோடு வரச் சொல்லி எச்சரிக்கிறது.

அடித்தகடுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெட்ரோல் டேங்க், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல் ஆகியவற்றின் கீழே கல் மோதாமல் காக்கின்றன. கல் இல்லாத ஊரில் அவை வெறும் எடை.

மலை இறங்கும்போது பிரேக்கைத் தானே பிடித்துக்கொள்ளும் ஹில் டிசென்ட் கன்ட்ரோல், மணல் சேறு பாறை என்று சுழற்றித் தேர்ந்தெடுக்கும் குமிழ் எல்லாம் விளம்பரத்தில் அழகாக இருக்கும். 4 லோ என்னும் மெதுவான, வலுவான கியரில் நிதானமாக இறங்கத் தெரிந்தவருக்கு அவை இல்லாவிட்டாலும் ஓடும்.

பிறகு போட முடியாதவை

ஸ்டாண்டர்டா, ஆஃப்-ரோடா என்று குழம்பி நிற்பவர்களுக்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இருந்தாக வேண்டியது எது, பிறகு தெருமுனை டயர் கடையில் போட்டுக்கொள்ளக்கூடியது எது என்று பிரித்துப் பாருங்கள்.

டயர் என்றைக்கும் மாற்றலாம். எப்படியும் சில ஆண்டுகளில் மாற்றத்தான் போகிறீர்கள். ஷாக்கை ஒரு மெக்கானிக் ஒரே நாளில் மாற்றிவிடுவார். அடித்தகட்டைப் போல்ட் முடுக்கத் தெரிந்தவர் வீட்டு வாசலிலேயே பூட்டலாம். லாக்கர் அப்படியில்லை. அச்சைப் பிரித்து, பல்சக்கரங்களின் இடைவெளியை நூலிழை அளவுக்குச் சரிபார்த்துப் பூட்ட வேண்டும். பாகமும் கூலியுமாக 2,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எஃப்எக்ஸ்4 பேக்கேஜ் முழுவதுமே சுமார் 1,000 டாலருக்குக் கிடைத்தது என்பதோடு இதை வைத்துப் பாருங்கள்.

4 லோவும் அப்படியே. முன்பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் இரண்டு வேகம் இருந்தால்தான் 4 லோ உண்டு. 2019-க்குப் பிறகு வந்த சில்வராடோவில் சில டிரிம்கள் 4×4 என்ற பெயரில் வந்தாலும் ஒற்றை வேக டிரான்ஸ்ஃபர் கேஸோடுதான் வரும். மழைக்கும் பனிக்கும் அது போதும், செங்குத்தான பாறைச் சரிவில் தவழ்ந்து ஏறப் போதாது. இசட்71-இல் இரட்டை வேகம் உண்டு. டேஷ்போர்டில் 4 லோ என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பதற்கு இரண்டு விநாடி ஆகும். பலர் பார்ப்பதில்லை. ஃபோர்டு மேவரிக்கும் இந்த வகையே. அதிலும் எஃப்எக்ஸ்4 என்று ஒரு பேக்கேஜ் வந்திருக்கிறது, ஆனால் அடிப்படையில் அது கார் போலக் கட்டிய வண்டி. 4 லோ கிடையாது.

ஜீப் கிளாடியேட்டரில் இந்த வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். சாதாரண ஸ்போர்ட்டில் 4 லோவின் கியர் விகிதம் 2.72. ரூபிகானில் 4. ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே வண்டி நடை வேகத்துக்கும் குறைவாக ஊர்ந்துகொண்டு போகும். முன்பின் இரு அச்சுகளிலும் லாக்கர், பித்தானை அழுத்தினால் கழன்றுகொள்ளும் முன் ஸ்வே பார், 33 அங்குல டயர் என்று அது தனி ஜாதி. இவற்றையெல்லாம் ஸ்போர்ட்டில் பிறகு சேர்க்க முயன்றால் ரூபிகானையே வாங்கியிருக்கலாம் என்ற இடத்தில்தான் வந்து நிற்போம். யூட்டாவின் மோவாப் பாறைகளில் ஏறும் ஆசை உண்மையிலேயே இருந்தால் முதல் நாளே ரூபிகானை வாங்குங்கள். ஆனாலும் பிக்கப்புக்கு நீளம் ஒரு சாபம். முன்பின் சக்கரங்களுக்கு நடுவே 137 அங்குலம் இருப்பதால், முன் பம்பர் தாண்டிய மேட்டில் நடு வயிறு தட்டும். அதே ஊரில் நீளம் குறைந்த ரேங்லர் ஜீப்புகள் அதிகம் தென்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கழிவது எங்கே

சேர்த்த ஒவ்வொன்றும் எடை. அந்த எடை கழிவது நீங்கள் ஏற்றக்கூடிய பாரத்திலிருந்து. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு மூடும் இடத்தில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்த்து எத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். அந்த எண் மாடலுக்கு மாடல் மட்டும் மாறுவதில்லை. அந்த ஒரு குறிப்பிட்ட வண்டி தொழிற்சாலையில் என்னென்ன மாட்டிக்கொண்டு வந்ததோ அதற்கேற்பத் தனியாகக் கணக்கிட்டது. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு எஃப்-150-களில் எண் வேறு வேறாக இருப்பதை நீங்களே பார்க்கலாம்.

ஒரு கணக்குப் போடுவோம். ஸ்டிக்கரில் 1,450 பவுண்டு என்று இருக்கிறது. நீங்கள், மனைவி, இரண்டு பிள்ளைகள், மொத்தம் 550. பின்னால் 6,000 பவுண்டு எடையுள்ள கேம்பர் ட்ரெய்லர். அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் உட்காரும். 12 சதவீதம் என்று வைத்தால் 720. இரண்டும் சேர்ந்து 1,270 ஆகிவிட்டது. மிச்சம் 180 பவுண்டில் கூலர் பெட்டி, சைக்கிள்கள், ஜெனரேட்டர் எல்லாம் அடங்க வேண்டும். இப்போது அதே வண்டியில் சன்ரூஃபும் ஆஃப்-ரோடு பேக்கேஜும் பெரிய சக்கரமும் சேர்ந்து ஸ்டிக்கர் 1,250-க்கு இறங்கினால், வீட்டை விட்டுக் கிளம்பும்போதே 20 பவுண்டு மிகையாக இருக்கும். ‘இழுக்கும் திறன் 11,000 பவுண்டு’ என்று விற்பனையாளர் சொன்னது பொய்யில்லை. அதற்கு முன் பாரத்தின் எல்லை முட்டிவிடுகிறது, அவ்வளவுதான்.

இழுப்பதற்கென்றே வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விசித்திரமும் உண்டு. விலை ஏற ஏற இழுவை குறைவது. 2020 கிளாடியேட்டரில் மேக்ஸ் டோ பேக்கேஜ் போட்ட ஸ்போர்ட் 7,650 பவுண்டு இழுக்கும், அதைவிட விலை கூடிய ரூபிகான் 7,000. ஃபோர்டு ராப்டர் பாலைவனத்தில் பறப்பதற்கென்றே செய்த வண்டி. 2021 ராப்டரின் இழுவை 8,200 பவுண்டு. அதே ஆண்டு அதே எஃப்-150 குடும்பத்துச் சாதாரண டிரக் ஒன்றைத் தகுந்தபடி ஆர்டர் செய்தால் 14,000. மென்மையான ஸ்பிரிங்கும் நீளமாக ஏறியிறங்கும் சஸ்பென்ஷனும் குழியை விழுங்கும், ஆனால் கொக்கியில் பாரம் ஏறினால் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் தூக்கும்.

பெட்ரோல் செலவும் சிறிது கூடும். ஆல்-டெரெய்ன் டயர் கனமானது, உருளும்போது அதிகம் எதிர்க்கும், நெடுஞ்சாலையில் ஒரு முனகல் இருந்துகொண்டே இருக்கும். சாதாரண டிரக்கின் முன் பம்பருக்குக் கீழே தொங்கும் கறுப்பு பிளாஸ்டிக் உதட்டைப் பார்த்திருப்பீர்கள். காற்று அடியில் புகாமல் தடுத்து மைலேஜைக் காப்பது அது. ஆஃப்-ரோடு டிரிம்களில், மேட்டில் முட்டும் என்று அதை எடுத்துவிடுவார்கள் அல்லது சிறிதாக்கிவிடுவார்கள். வயதான அம்மா அப்பா இந்தியாவிலிருந்து வந்து ஆறு மாதம் தங்குவார்கள் என்றால் ஏறும் உயரத்தையும் யோசியுங்கள். ராம் 1500-இல் ஆஃப்-ரோடு குரூப் ஓர் அங்குலம் உயர்த்துகிறது. முழங்கால் வலிக்காரருக்கு ஓர் அங்குலமும் அங்குலம்தான், பக்கப் படி இல்லாமல் வாங்காதீர்கள்.

உங்கள் சாலை எது

கடற்கரையில் ஓட்டுபவர்கள் விஷயம் தனி. வட கரோலினாவின் கேப் ஹாட்டரஸ் தேசியக் கடற்கரையில் மணலில் வண்டி இறக்க பெர்மிட் எடுக்க வேண்டும். மண்வெட்டி, ஜாக்கி, ஜாக்கிக்கு அடியில் வைக்கும் பலகை, காற்றழுத்தம் பார்க்கும் கேஜ் நான்கும் வண்டியில் கட்டாயம் இருக்க வேண்டும். டெக்சாஸில் பாட்ரே ஐலண்ட் தேசியக் கடற்கரையில் 60 மைல் மணல். முதல் ஐந்து மைல் வரை சாதாரண வண்டியும் போகலாம், அதற்கப்பால் ஃபோர் வீல் டிரைவ் மட்டும். இரண்டு இடத்திலும் உங்களைக் காப்பாற்றப்போவது டயரில் காற்றை இறக்குவது. 35 பிஎஸ்ஐ இருப்பதை 20-க்குக் கொண்டுவந்தால் டயர் நீளவாக்கில் பரந்து மணலில் மிதக்கும். எந்தப் பேக்கேஜும் அந்த வேலையைச் செய்யாது. தார்ச்சாலை ஏறியதும் திரும்ப அடிக்க ஒரு சின்ன கம்ப்ரஸர் வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரைக்கு ஸ்டாண்டர்ட் 4×4 போதும்.

யூட்டாவின் கேன்யன்லாண்ட்ஸில் 100 மைல் நீளும் ஒயிட் ரிம் சாலை போன்றவற்றில் வண்டி உயரமும் 4 லோவும் வேண்டும். தகடும் நல்ல ஷாக்கும் இருந்தால் நிம்மதி. ஆஃப்-ரோடு பேக்கேஜ் பெறுமானமாவது இங்கேதான். வருடத்துக்கு ஓரிரு முறையாவது இப்படிப் போகிறவர், அல்லது சொந்த நிலத்துக்கு மழைக்காலத்தில் மண்பாதையில் போய்வருபவர் தயங்காமல் வாங்கலாம். சனிக்கிழமை ஹோம் டிப்போவில் மரச்சட்டமும் மல்ச் மூட்டையும் ஏற்றி, கோயில் விழாவுக்கு நாற்காலி மேசை கொண்டுபோய், மற்ற நாளில் அலுவலகம் போய்வருபவருக்கு ஸ்டாண்டர்ட் டிரிம்தான். மிஞ்சும் பணத்துக்கு நல்ல பெட் லைனரும் மூடியும் வாங்கலாம். பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக வாங்கினாலும் குற்றமில்லை. அதை அழகுக் கணக்கில் எழுதுங்கள், பாதுகாப்புக் கணக்கில் எழுதாதீர்கள்.

புதிய வண்டி என்றால் ஜன்னலில் ஒட்டியிருக்கும் விலைப்பட்டியலைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு புதிய காரிலும் கட்டாயம் இருக்க வேண்டிய தாள் அது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த ஒக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனியின் பெயரால் அதை மன்ரோனி ஸ்டிக்கர் என்பார்கள். தொழிற்சாலையில் சேர்த்த பேக்கேஜ்கள் விலையோடு அதில் இருக்கும். பக்கத்திலேயே டீலர் தன் பங்குக்கு ஒட்டும் இரண்டாவது தாளில் ‘ஆஃப்-ரோடு லுக்’ என்று கறுப்பு ரிம், லிஃப்ட் கிட், எழுத்து ஸ்டிக்கர் எல்லாம் சேர்த்து ஆயிரக்கணக்கில் ஏற்றியிருப்பார்கள். இரண்டு தாளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். டீலர் போட்ட லிஃப்ட் கிட்டினால் பின்னாளில் ஒரு பாகம் பழுதானால் வாரண்டியில் தகராறு வரலாம். அதை யார் பொறுப்பேற்பது என்று எழுத்தில் வாங்குங்கள்.

பழைய ஆஃப்-ரோடு டிரக் வாங்குவதானால் டார்ச்சோடு போய்க் கீழே படுத்துப் பாருங்கள். அடித்தகட்டில் மேலோட்டமான கீறல் இருந்தால் பயப்பட வேண்டாம், அதற்காகத்தான் அது இருக்கிறது. தகடு உள்நோக்கி மடிந்திருந்தாலோ, ஷாக்கின் உடம்பில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தாலோ, ஃபிரேமின் உட்புறத்தில் காய்ந்த சேறும் உப்புத் துருவும் இருந்தாலோ விலையைப் பேசும் முன் யோசியுங்கள். கடற்கரை வண்டிகளில் துரு உள்ளிருந்து தின்னும்.

லாக்கரையும் ஓட்டிப் பார்க்காமல் விடாதீர்கள். ஜல்லி அல்லது மண் பரப்புக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். தார்ச்சாலையில் 4×4 போட்டுத் திருப்பினால் சக்கரங்கள் ஒன்றோடொன்று இழுபறி நடத்தி அச்சையே வதைக்கும். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து 4 லோ போடுங்கள். பல டிரக்குகளில் அதற்குப் பிறகுதான் லாக்கர் பித்தான் கேட்கும். பித்தானை அழுத்தியதும் டேஷ்போர்டில் விளக்கு சிமிட்டும். மெதுவாக ஓரிரு வண்டி நீளம் நகர்த்தினால் பற்கள் கோத்துக்கொண்டு விளக்கு நிலையாக எரிய வேண்டும். ஸ்டியரிங்கை ஒடித்துத் திரும்பிப் பாருங்கள், பின் டயர் ஜல்லியைக் கீறுவது காதில் விழும். விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால் அச்சிலுள்ள மோட்டாரோ அதற்குப் போகும் ஒயரோ பழுது. வருடக்கணக்கில் ஒருமுறைகூடப் போடாத லாக்கர்களில் இது அடிக்கடி காணக்கூடிய கோளாறு. சரிசெய்ய ஆகும் செலவை ஒரு மெக்கானிக்கிடம் கேட்டு, விலையில் கழித்துப் பேசுங்கள்.